நாற்பத்திரண்டாவது புகார்

வெள்ளகோவில்
28.7.1994

கோயம்புத்தூர் மாநகரின் இரண்டாம் நம்பர் டிக்கெட் சன்னலில் அமர்ந்து ஆட்சி புரியும் அம்மணி அமலிக்கு,

மிஷன் ஆஸ்பத்திரியின் டோக்கன் சன்னலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீற்றிருந்து, இந்த வட்டாரத்தின் சளி, இருமல், சேற்றுப்புண் அனைத்துக்கும் வரிசை எண் வழங்கிவரும் உன் தாய்மாமன் தேவானந்தம் எழுதிக்கொள்வது. நான், உன் அத்தை, உன் அம்மா மூவரும் நலம். காற்றுதான் நலமில்லை. போன வாரம் ஆடிக் காற்று நம் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கரூரில் இறங்கியிருப்பதாகத் தகவல். கோழிகள் மட்டும் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டன.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் பதினைந்து வருகிறது. நாடு கொடியேற்றி மிட்டாய் தின்னும். நம் கோயிலில் மாதாவின் விண்ணேற்புத் திருவிழா, தேர். அன்றைக்கு இந்திய தேசத்தில் வேலை செய்கிற ஒரே பெண் என் மருமகள்தானா? கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. ஈஸ்டருக்கு வந்தாய்; வந்த களைப்பில் பூசையில் தூங்கினாய். சாமியார் பிரசங்கத்தை இரண்டு இடத்தில் நிறுத்தி உன் குறட்டைக்கு வழிவிட்டதை ஊரே பார்த்தது.

ஆகவே பதினைந்து திங்கள், பதினாறு செவ்வாய், இரண்டு நாளும் விடுப்பு எடுத்து வந்து சேர். முதல் நாள் மாதாவுக்கு, மறுநாள் உன் அம்மாவுக்கு. மேனேஜர் மறுத்தால் அவர் பெயரை மட்டும் எழுதி அனுப்பு, மற்றதை என் பேனா பார்த்துக்கொள்ளும். ஆறிய காபிக்கு, நிற்காத பஸ்ஸுக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்ட குமாஸ்தாவுக்கு என்று இதுவரை நாற்பத்தொரு புகார்கள் எழுதியிருக்கிறேன். பதினேழு பதில்கள் வந்திருக்கின்றன. பதினேழும் ‘மரியாதைக்குரிய ஐயா’ என்றே தொடங்குகின்றன. எல்லாம் பச்சைக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. வீடு தீப்பிடித்தால் முதலில் அந்தக் கோப்பு, அடுத்தது உன் அத்தை. இதை அவளிடம் காட்டாதே.

வேளாங்கண்ணிக்கு உங்கள் கம்பெனி விடும் சிறப்பு பஸ்ஸில் நம் குடும்பத்துக்குப் பதினோரு இடம் வேண்டும். அதை வந்தபிறகு பேசுவோம்.

மாமன்,
தேவானந்தம்

*

கோவை
3.8.1994

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுதி வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். கோழிகள் எந்த பஸ்ஸில் வந்தன என்று கேட்கச் சொன்னார்.

மாமா, உங்களுக்குப் பண்டிகை என்றால் எங்களுக்குக் கூட்டம். செவ்வந்தி மோட்டார் சர்வீஸில் டிக்கெட் பதிவு செய்ய இரண்டே சன்னல்கள். ஒன்றில் மாசாணியம்மாள் அக்கா, இன்னொன்றில் நான். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் பகல் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்போம். ஒருவருக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டிலிருந்து இன்னொரு கை உள்ளே நீளும். அந்தக் கைக்கு முகம் கிடையாது. ‘ஏம்மா’ என்று ஒரு குரல் மட்டும் வரும். நாற்பது பேருக்கும் சன்னலோர இடம் வேண்டும். இல்லை என்றால் பஸ்ஸை நானே அப்படிக் கட்டிவிட்டதுபோல் முறைப்பார்கள். நேற்று ஒருவர் எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என் சன்னலில் நூற்றுப் பத்தாவது ஆள்.

பதினைந்தாம் தேதி வருகிறேன். அன்று என் சன்னலையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டார். கிணத்துக்கடவிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். இரண்டரை வருடமாகத் தற்காலிகம். வரும் அக்டோபர் ஒன்றாம் தேதி நிரந்தரம் செய்வதாக மேனேஜர் பாலுசாமி சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டில் சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான்.

ஆனால் பதினாறாம் தேதி முடியாது மாமா. அன்றுதான் வேளாங்கண்ணி பஸ்ஸுக்குப் பதிவு தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் அக்காவைத் தனியாக விட எனக்கு மனசில்லை. நம் பதினோரு இடத்தையும் அன்று நானே போட்டுவிடுகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

அமலி

*

வெள்ளகோவில்
18.8.1994

அம்மணிக்கு,

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். பதினைந்தாம் தேதி மாலை நீ கிளம்பும்போது காணாமல்போன உன் பை, மறுநாள் மதியம் அரிசி டிரம்முக்குள்ளிருந்து உயிர்த்தெழுந்தது அல்லவா? அதை அடக்கம் செய்தது நான்தான். உன் அம்மா உனக்குக் கறிச்சோறு போட ஆசைப்பட்டாள். ஒரு தாயின் ஆசைக்கு முன் உங்கள் மேனேஜர் எம்மாத்திரம்! நீ எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் இன்னொரு நாள் விடுப்புச் சொன்னபோது அழுததாகக் கேள்வி. அது வெங்காயம் உரித்ததால் வந்தது என்று உன் அத்தை சாதிக்கிறாள்.

இப்போது வரலாறு. மருமகள் விடுப்பில் இருந்தால் என்ன, மாமன் இருக்கிறானே என்று, பதினாறாம் தேதி விடியலில் யாரிடமும் சொல்லாமல் கோவைக்குப் பஸ் ஏறினேன். உன் பெயரைச் சொல்லிப் பின்வாசலில் நுழைகிற பரம்பரையா நாம்? முன்வாசலில், வெயிலில், வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்நூறு பேர். ஒரு யுகம் கழிந்தது. இன்னொரு யுகம் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போனது. கடைசியில் என் முறை வந்தது. பதினோரு பெயர்களையும் வயதுவாரியாக எழுதிய தாளை நீட்டினேன். நீலச் சேலை கட்டிய அந்த அம்மையார் தாளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ‘இருங்க, வந்தர்றேன்’ என்றார். கதவு மூடியது.

அம்மணி, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சன்னலுக்கு உள்ளே இருக்கிறவனை, சன்னலுக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மேனேஜர் அறைக்கு நடந்தேன். புகார்ப் புத்தகம் கேட்டேன். மூன்று பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி வந்ததில்லை. பேனா தானாக ஓடியது, நான் பின்னால் ஓடினேன். பாலுசாமி படித்துவிட்டு எழுந்து நின்றார். காபி வந்தது. சூடாக வந்தது. தன் கையாலேயே பதினோரு டிக்கெட்டும் எழுதிக் கொடுத்து, வாசல் வரை வந்து, ‘மன்னிச்சுக்கோங்க ஐயா’ என்றார். நாற்பத்திரண்டாவது புகார், நாற்பத்தொன்றையும் விழுங்கிவிட்டது.

திரும்பும் வழியில் காங்கேயத்தில் உன் அத்தையின் தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டேன். கோழி அடித்துவிட்டார்கள், இரவு தங்கும்படி ஆயிற்று. நான் வருவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். இல்லையென்றால் நடித்தே காட்டியிருப்பேன்.

வெற்றியுடன்,
மாமன்

*

கோவை
27.8.1994

மாமாவுக்கு,

ஒன்பது நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. எழுதினால் என்ன எழுதிவிடுவேனோ என்றிருந்தது.

அந்த நீலச் சேலை மாசாணியம்மாள் அக்கா. உங்கள் மூன்று பக்கத்தை மேனேஜர் முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி அக்காவுக்கு மெமோ கொடுத்திருக்கிறார். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

‘குற்றச்சாட்டு 1: பயணியின் கைவிரல்கள் மீது சன்னல் கதவை வேண்டுமென்றே அறைந்து, ஐந்து விரல்களும் செயலிழக்கும்படி காயம் விளைவித்தது. குற்றச்சாட்டு 2: ஐந்நூறு பயணிகளை மூன்று மணி நேரம் வெயிலில் காக்க வைத்தது. குற்றச்சாட்டு 3: மேற்படி காத்திருப்பில் மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தும், சிரித்தபடி வெளியேறியது. செப்டம்பர் 15 அன்று விசாரணை. நிரந்தரம் செய்யும் ஆணை அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. குற்றம் உறுதியானால் பணிநீக்கம்.’

செயலிழந்த ஐந்து விரல்களால் மூன்று பக்கம் எப்படி எழுதினீர்கள் என்று இங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் எழுத்து அவ்வளவு நன்றாக இருந்ததாம்.

அன்றைக்கு வரிசையில் மொத்தம் எத்தனை பேர், மாமா? கதவு மூடியிருந்தது எவ்வளவு நேரம்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், வாட்ச்மேனிடம் கேட்டேன்.

அக்கா எங்கே போனார் என்றும் சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் ஒரே கழிப்பறை. அது மேனேஜர் அறையை ஒட்டி இருக்கிறது; ஆண்கள் மட்டும் போவார்கள். நாங்கள் ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும். ஒருவர் போனால் இன்னொருவர் இரண்டு சன்னலையும் பார்த்துக்கொள்வோம். அன்று இன்னொருவர் அரிசி டிரம்முக்குள் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். காலை ஆறிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு எழுந்திருக்கிறார். ‘அவசரக் காரணம்’ என்று மட்டும் மெமோவுக்குப் பதில் கொடுத்தார். என்ன அவசரம் என்று மூன்று ஆண்கள் முன்னால் கேட்டிருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

எழுதியது என் மாமா என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். ‘நல்லா எழுதியிருக்காருங்க அம்மணி. அந்தப் பாட்டி உளுந்த எடத்துல நானே அழுதுபோட்டேன்’ என்றார்.

எழுதியது உண்மையில்லை என்று மேனேஜருக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள். இதைத் தவிர உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அமலி

*

வெள்ளகோவில்
1.9.1994

அம்மணி அமலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது அது வெந்நீர்போல் கொதித்தது.

நான் பொய் எழுதவில்லை. உயர்வு நவிற்சி என்று தமிழில் ஓர் அணி இருக்கிறது. ‘உயிர் போகிறது’ என்று சொல்லி வருகிறவனுக்கு நான் டோக்கன்தான் கொடுக்கிறேன், சவப்பெட்டி செய்யச் சொல்வதில்லை. உங்கள் முதலாளிக்கு அணி தெரியவில்லை என்பதற்கு நான் என்ன செய்வேன்? அந்த மூதாட்டி விழவில்லைதான். உட்கார்ந்தார். ஆனால் திடீரென்று உட்கார்ந்தார்.

விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. எங்கப்பன் நாற்பது வருடம் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டினார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் போவார். ‘உக்காருங்க’ என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் உட்கார அவருக்குத் துணிவு வந்ததில்லை. எழுபத்தொன்றில் நான் ஒரு பஸ் கம்பெனிக்கு முதல் புகாரை எழுதினேன். பதில் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘மரியாதைக்குரிய ஐயா’ என்று நான் தொடங்கியதும் அவர் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

அந்தப் பச்சைக் கோப்பில் இருப்பது காகிதம் அல்ல, அம்மணி. ‘நான் எழுதியது உண்மையில்லை’ என்று இன்று ஒரு கையெழுத்துப் போட்டால், நாற்பத்தொன்றும் பொய் என்று ஆகிவிடும். தேவானந்தம் கதை கட்டுகிறவன் என்பார்கள். பதினேழு பேரும் தங்கள் மரியாதையைத் திரும்பக் கேட்பார்கள்.

ஆனாலும் உன் அக்காவைக் கைவிடுவேனா? வேறு வழி கண்டுபிடித்தேன். நேற்றே மேனேஜருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். மாசாணியம்மாளைப் போன்ற ஊழியரை மூவுலகிலும் கண்டதில்லை என்றும், அவர் கதவைச் சாத்திய ஓசை கோயில் மணிபோல் இன்னும் என் காதில் இனிக்கிறது என்றும், கூட்டம் அவரை வாழ்த்தி நின்றது என்றும் எழுதியிருக்கிறேன். பழையதை மறுக்காமல் புதியதால் மூடிவிட்டேன். இனிக் கவலையில்லை.

செவ்வாய்க்கிழமை வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறோம். வெள்ளிக்கிழமை திரும்புவோம்.

மாமன்

*

கோவை
7.9.1994

மாமாவுக்கு,

நீங்கள் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும்போது இந்தக் கடிதம் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் நான்கு பக்கத்தை மேனேஜர் ஆபீஸில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: ‘புகார்தாரர் மிரட்டப்பட்டிருக்கலாம். இதையும் விசாரிக்கவும்.’ இப்போது அக்கா மேல் நான்கு குற்றச்சாட்டு.

தாத்தாவைப் பற்றி எழுதியிருந்ததைப் பல முறை படித்தேன். அழுதேன், வெங்காயம் இல்லாமலேயே. ஆனால் மாமா, சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததும் அவரைப் போன்ற ஒருவரின் மகள்தான். அவர் அப்பாவும் கிணத்துக்கடவில் அடுத்தவர் தோப்பில்தான் தேங்காய் உரித்தார். அவரையும் யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பதினாறாம் தேதி காலையில் அம்மாவுக்குப் பல்வலி. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் சன்னல் மூடியிருந்தது. நீங்கள் யாரிடமும் சொல்லாமல் கோவைக்குப் போயிருக்கிறீர்கள் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று பேர் நின்றோம். எண்ணினேன். மடியில் பிள்ளையோடு ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு சிஸ்டர் வந்து கதவைத் திறந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘அவர் அப்படித்தானுங்க, வருவாருங்க’ என்று பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அங்கே புகார்ப் புத்தகம் இல்லை. இருந்திருந்தால், உங்கள் மருமகள் எவ்வளவு நன்றாக எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

அமலி

*

வெள்ளகோவில்
11.9.1994

அமலிக்கு,

கடிதம் கிடைத்தது.

வேளாங்கண்ணி பஸ்ஸில் உன் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்றாள். திருச்சியில் மறுபடி நீட்டினேன், வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். எப்போதிருந்து என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து என்றாள். முப்பத்தொரு வருடம். நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் இருபது பெண்கள் இருந்தார்கள். யாருமே குடிக்கவில்லை. நான் பார்த்தேன்.

வரிசையில் இருந்தது முப்பத்தொரு பேர். கதவு மூடியிருந்தது பன்னிரண்டு நிமிடம். என் கை கதவுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

பதினைந்தாம் தேதி வாரேன்.

மாமா

*

கோவை
18.9.1994

அன்புள்ள மாமாவுக்கு,

அன்று என்னைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். சன்னலில் கூட்டம், என்னாலும் எழுந்து வர முடியவில்லை. உள்ளே நடந்ததை மதியம் அக்கா சொன்னார். நீங்கள் உங்கள் வழியில் அதை எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

மேனேஜர் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தீர்களாம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினீர்களாம். முப்பத்தொரு பேர், பன்னிரண்டு நிமிடம், யாரும் விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னீர்களாம். கூட ஒரு வார்த்தை இல்லையாம். உங்களை முன்பின் தெரியாத அக்காவுக்கே, ஏதோ உடம்புக்கு முடியாத மனுசன்போல் தெரிந்ததாம்.

‘அப்பறம் ஏனுங்க அப்படி எழுதுனீங்க?’ என்று பாலுசாமி சார் கேட்டதற்கு நீங்கள் சொன்னதை அக்கா இரண்டு முறை சொல்லிக் காட்டினார். ‘எழுத எழுத நல்லா வந்துதுங்க. நிறுத்த மனசு வரலீங்க.’

யாராவது மிரட்டினார்களா என்றதற்கு, ‘ஊட்ல ஒருத்தி திட்டுனாளுங்க’ என்றீர்களாம். அத்தையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து எல்லோரும் தலையாட்டினார்களாம்.

பிறகு அந்தக் கேள்வி. கதவைச் சாத்திவிட்டு இந்தம்மா எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று முதலாளியே கேட்டாராம். அக்கா சொன்னார், ‘நெஞ்சு நின்னு போச்சு அம்மணி, இவரு சொல்லிப் போடுவாரோன்னு.’ நீங்கள் சொல்லவில்லை. ‘அது அவங்க சொந்தக் காரியங்க. சன்னல்ல உக்காந்திருக்கறவங்க எந்திரிச்சுப் போறதுக்கெல்லாம் வெளிய நிக்கறவன் காரணம் கேக்கப்படாதுங்க’ என்றிருக்கிறீர்கள்.

எழுந்து வரும்போது புகார்ப் புத்தகத்தைக் கேட்டீர்களாம். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். நான் போய்ப் பார்த்தேன். ஒரே வரி. ‘டிக்கெட் எடுக்க வரும் பெண்களுக்கு இங்கே கழிப்பறை வசதி இல்லை. செய்து தரவும்.’ கீழே கையெழுத்து. உங்கள் எழுத்துதானா என்று சந்தேகமாக இருந்தது. அக்காவின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அதை எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று மாமா?

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து முடித்துவிட்டார்கள். நிரந்தரம் அக்டோபரில் இல்லை, ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்று மாதம். அதற்கு மாமாதான் காரணம் என்று எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். அக்காவுக்கு இல்லை. படியில் உங்களை நிறுத்தி அவர் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

‘அந்தப் பாட்டி நெசமாலுமே நல்லா இருக்காங்களாங்க?’

‘நல்லா இருக்காங்க. வெத்தலை கேட்டாங்க, குடுத்தேனுங்க.’

அமலி

*

வெள்ளகோவில்
12.12.1994

அம்மணி அமலிக்கு,

உன் கோபம் கார்த்திகை மழையில் கரைந்திருக்கும் என்ற நம்பிக்கையில், இதுவரை வாய்மூடிக் கிடந்த உன் மாமன் மெல்ல எழுதத் தொடங்குகிறேன்.

உங்கள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. குடோனுக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டியிருப்பதாகவும், சாவி சன்னலிலேயே இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ‘மரியாதைக்குரிய ஐயா’ என்றுதான் தொடங்குகிறது. பதினெட்டாவது. கோப்பில் வைக்கவில்லை. உன் அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘பரவால்லீங்க, ஒரு வரியிலயும் எழுத வருது உங்களுக்கு’ என்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவளிடமிருந்து நான் பெற்ற முதல் நற்சான்றிதழ்.

கிறிஸ்துமஸுக்கு நீ வர வேண்டாம். முடியாது என்று தெரியும். இருபத்து நான்கும் இருபத்தைந்தும் உன் சன்னலில் இரு, மாசாணியம்மாளையும் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பு. நாங்கள் இருபத்தெட்டாம் தேதி கறி எடுக்கிறோம். கேக்கை அதுவரை தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். எறும்புகளுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. உன் பையை யாரும் தொட மாட்டார்கள். வேண்டுமானால் நீயே டிரம்மைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்.

இப்போது சொல்ல வந்தது. போன மாதம் சிஸ்டரிடம் கேட்டு, என் டோக்கன் சன்னலுக்கு வெளியே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பென்சிலும் கட்டினேன். மேலே ‘புகார்’ என்று நானே எழுதினேன். மூன்று வாரம் யாரும் தொடவில்லை. நான் குற்றமற்றவன் என்று உலகுக்கு அறிவிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பங்காரம்மா வந்தார். முத்தூர்ப் பக்கம். கால் புண்ணுக்கு மருந்து கட்ட வாரத்துக்கு இருமுறை வருகிறவர், ஆறு வருடமாக. நோட்டைக் காட்டி, இது எதுக்குங்க என்றார். சொன்னேன். எனக்கு எழுதத் தெரியாதுங்களே என்றார். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேனுங்க என்றேன். யார் மேல புகார் என்று கேட்டதற்கு, ‘உங்க மேலதானுங்க’ என்றார்.

எழுதினேன். அவர் சொன்னது மட்டும். பேனா இரண்டு இடத்தில் குதிரைபோல் முன்னங்காலைத் தூக்கியது, கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினேன். இதுதான் அது:

‘டோக்கன் குடுக்கறவரு நல்லவருங்க. சிரிக்கச் சிரிக்கப் பேசறாருங்க. ஆனா தலைய நிமுத்தி மூஞ்சியப் பாக்கறதில்லீங்க. ஆறு வருசமா நான் வாரேனுங்க.’

படித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றார். பெருவிரலில் மை தடவி ஒற்றினார். அப்போதுதான் அம்மணி, அவருக்கு இடது கண்ணில் பூ விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

கண் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். புகார் என்றால் பதில் எழுத வேண்டும் அல்லவா? படித்துச் சொல்ல அவர் பேத்தி இருக்கிறாளாம். நேற்றிலிருந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘மரியாதைக்குரிய அம்மா’ என்று எழுதிவிட்டேன். அடுத்த வரி இன்னும் வரவில்லை.

மாமன்,
தேவானந்தம்